நாலு வாசல் ரூம்

எழில் தன் அண்ணனின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, பெரியம்மா முத்துப்பேச்சி துணிக்கீற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். குளிப்பாட்டியும் அன்பரசனின் நகக்கண்ணிலிருந்து பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் போகவில்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. புகைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"நாலு பக்கமும் வாசல் வச்ச ரூமாச்சேய்யா! ஒண்ணுலகூடவா ஓடி வர முடியல?"

அம்மா குருவம்மாள் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எழில் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

போன சீசனில் பட்டாசுக் கம்பெனியில் கூட்டாளி ஒருவன் வெடிவிபத்தில் செத்ததிலிருந்து அன்பரசனுக்கு ஒரே கனவு. ரூம் எரியும், கால் நகராது. அலறிக்கொண்டு எழுந்து உட்காருவான். எழில்தான் போனில் தேடி ஒரு வழி கண்டுபிடித்தாள். பகலில் அடிக்கடி வாயை மூடி, மூக்கைப் பிடித்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். விழித்திருந்தால் மூச்சு வராது. பழகிவிட்டால் கனவிலும் கை தானாக மூக்குக்குப் போகும். அங்கே மட்டும், பிடித்த மூக்கிலும் மூச்சு வரும். வந்தால் கனவு, பயப்பட ஒன்றுமில்லை.

"தீயைப் பாத்தா ஓடாதண்ணே. ஓடுனா பயம் கூடத்தான் செய்யும். நின்னு மூக்கைப் பிடி."

"கிறுக்கி" என்று சிரித்தவன் டீக்கடையிலும் பஸ்ஸிலும் சோற்றுத் தட்டின் முன்னாலும் மூக்கைப் பிடித்துப் பழகினான். ஒரு நாள் விடிந்ததும் ஓடி வந்தான். "மூச்சு வந்துருச்சு புள்ள! தீயைப் பாத்து போடான்னேன். மத்தாப்பு கணக்கா உதிந்து போச்சு." அன்று சாயங்காலம் அவளுக்குச் சாத்தூர்ச் சேவு வாங்கி வந்தான்.

வாசலில் அழுகைச் சத்தம் கூடியது. அன்பரசனோடு ஒரே ரூமில் வேலை பார்த்த செல்லச்சாமி கருகிய புருவத்தோடு வந்து நின்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எழில் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். இவன் எதையாவது பார்த்திருப்பான்.

"பக்கத்து ரூம்ல தீன்னதும் நான் வெளிய பாஞ்சுட்டேன் அத்தே. திரும்பிப் பாத்தா இவன் நட்ட நடுவுல நிக்கான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. மருந்து வாடை தாங்கலபோலன்னு நெனச்சேன். ஏலே, வாலேன்னு கத்துனேன். அப்பத்தான் கையை எடுத்துட்டு என்னையப் பாத்தான். அதுக்குள்ள புகை மூடிருச்சு."

"வாடையா? இந்த வாடையிலதானய்யா பொறந்து வளந்தான்!"

அம்மாவின் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய் எழிலிடம் வந்து நின்றது. "எந்நேரமும் உன்கிட்டதான பேசிக்கிட்டுக் கெடப்பான். எதுவும் சொன்னானா?"

ஒரு மூச்சை இழுத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அதற்குள் ஒருவன் எந்த வாசலுக்கும் ஓடிவிடலாம். எழில் குனிந்து கால்கட்டின் முடிச்சைச் சரிசெய்தாள்.

"இல்லம்மா."

முத்துப்பேச்சி பஞ்சை உருட்டி அன்பரசனின் மூக்கில் வைத்தாள். எழிலின் கை அவளை அறியாமல் தன் மூக்குக்குப் போனது. வாயை இறுக மூடிக்கொண்டாள். இழுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. இழுத்தாள். மூச்சு வரவில்லை. இன்னும் ஒரு முறை இழுத்தாள்.

முத்துப்பேச்சி அவளைப் பார்த்துவிட்டாள்.

"வாடை வருதாத்தா?" என்று மெதுவாகக் கேட்டு, இன்னொரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.