ரோபோ இல்லை என்று நிரூபித்த சாவிக்காரர்

கடையைத் திறந்ததும் சாவிக்காரர் செய்த முதல் காரியம், தாம் மனிதர்தான் என்று ஒரு வலைத்தளத்துக்கு நிரூபித்தது.

பழைய இரும்புப் பெட்டியின் பூட்டைக் கழற்றும் வீடியோவைத் தேடிப் போயிருந்தார். திரையின் குறுக்கே ஒரு ரோபோ பொம்மை வந்து நின்று, 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்றது. பூட்டு இருமினாலே வியாதி சொல்லும் மனிதரைப் பார்த்து இப்படியொரு கேள்வியா? ரோஷத்தோடு அழுத்தினார்.

வீடியோ வரவில்லை. 'உங்கள் போனில் பதினேழு வைரஸ்' என்று வந்தது. 'உங்கள் அழகான பக்கத்து வீட்டார் பேசக் காத்திருக்கிறார்' என்றும் வந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் மீசைக்காரத் தச்சர். மத்தியானத்துக்குள் போன் துடித்த துடிப்பில் மேஜையைத் தானே வலம் வந்தது. சுவரில் தொங்கிய சாவிகள் தாளம் போட்டன. பொறுக்கமாட்டாமல் அதன் வாயை அடைத்து டப்பாவில் போட்டு மூடினார்.

அங்கேதான் வினை. முதல் மணியிலேயே எடுப்பார் என்ற பெயர்தான் அவருக்குச் சோறு போட்டது. பல் டாக்டர் மூச்சிரைக்க வந்து நின்றார். வெளியே வந்த நிமிஷத்தில் கிளினிக் கதவு பூட்டிக்கொண்டதாம், உள்ளே ஒருவர் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறாராம், கூப்பிட்டுக் கூப்பிட்டு விரலே தேய்ந்துவிட்டதாம். சாவிக்காரர் ஓடிப்போய்த் திறந்துவிட்டார். ஆனாலும் டாக்டர், இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தவர் போனை எடுத்தார். 'வைரஸை அழிக்க இங்கே தொடவும்' என்றது அது. விரல் போனபோது, சாவி வெட்டும் மெஷினில் இருந்த மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒருத்தன் வந்து ஒரு வீட்டைத் திறந்துவிடுங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"யாரு வீடு, நீ யாருன்னு கேப்பேன். ஆதாரம் காட்டாம கம்பியத் தொடமாட்டேன்."

"இவன்கிட்ட என்ன கேட்டீங்க?"

"எங்கடி கேக்கவிட்டான்? அவன்தான் என்னைக் கேட்டான், நீ ரோபோவான்னு."

அவள் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை, 'அனுமதி'யை அழுத்தி, அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு இவரே சம்மதம் கொடுத்திருக்கிறார் என்று விளக்கினாள். செட்டிங்ஸில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினாள். போன் கப்சிப்.

சாவிக்காரர் உடனே டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தன் போனும் நாலு நாளாக அதே கூத்துதான் அடிக்கிறது என்று டாக்டர் மெல்ல ஒப்புக்கொண்டார். எப்படி நிறுத்துவது என்று கேட்டார்.

சாவிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போனை எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க டாக்டர், நிறுத்திடலாம். இனிமே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. வீடியோ பாக்க யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டியதில்ல. எதுக்குன்னு தெரியாம எவன் அனுமதி கேட்டாலும், இல்லேன்னு அழுத்துங்க. அதைவிடப் பெரிய பூட்டு வேற இல்ல."