சேலைத் துணியில் ஒரு மணல் பை

...அந்தப் பையை உள்ளே போக விட்டிருக்கக் கூடாது, இப்பதான் தெரியுது, கதவைச் சாத்தின பிறகு. தட்டலாமா, தட்டி என்ன சொல்கிறது, டீச்சர் அந்த மணலை ஒருக்கால் திருப்பித் தாங்கோ என்றா, ஒரு பை மணலுக்கு ஆராவது கதவைத் தட்டுவினமா... அகதி முகாம் கூடத்து வாசலில் வேப்ப மரத்துக்குக் கீழே நிற்கிறேன், நிற்கிறேன் என்ன, நடக்கிறேன், உப்பளத்தில் விடியற்காலை நாலு மணிக்கு உப்பு வாரத் தொடங்கி இப்பதான் கரையேறினது, கால் விரலிடுக்கெல்லாம் எரியுது. உள்ளே என் மகள் செந்தமிழ், இருபத்திரண்டு வயது, எதிரில் சனிக்கிழமைதோறும் வானூரிலிருந்து வருகிற சத்யப்ரியா டீச்சர். டீச்சர் இல்லை அவ, கவுன்சிலர், சண்டைக்குள் அகப்பட்டு வந்த பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவ, இங்கே எல்லாருக்கும் டீச்சர். மூன்று கிழமையாக இவள் அவவுக்கு முன்னால் வாயே திறக்கவில்லை. போன தீபாவளி வெடிக்கு, வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவள், அதோடு வேலை போனது, நித்திரையும் போனது. “இன்னிக்கும் பேசலைன்னா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித்தான் தரணும்மா, அங்க மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சுடுவாங்க, எனக்கு மனசு வரலை” என்று போன கிழமை டீச்சர் சொன்னவ. பிறகு ஒரு யோசனையும் சொன்னவ, பேச வராதவங்க மணல்ல கை வெச்சா மெதுவா வரும், தட்டு எங்கிட்ட இருக்குது, நல்ல கடல் மணல் கொஞ்சம் கொண்டாறீங்களா. அதுக்கென்ன டீச்சர், கடல் இந்தா கிடக்குது என்றேன், எவ்வளவு சுளுவாகச் சொன்னேன்.

வீட்டில் இருந்தது உப்புச் சாக்கு, கறை பிடித்தது, படித்த டீச்சருக்கு அதில் கொண்டுபோய்க் கொடுக்கிறது மரியாதையா, அதுதான் பழைய மண்ணிறச் சேலையைக் கிழித்தேன், மடித்தேன், தைத்தேன், ரேடியோவில் ஏதோ பாட்டுப் போனது, நான் தையலைப் பார்க்கவேயில்லை. இன்றைக்கு அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும்போதுதான் கண்ணில் பட்டது, பைக்கு இரண்டு காது. மூலைக்கு ஒரு காது. தட்டில் கொட்டுகிற மணலுக்குக் காது எதுக்கு? காது வைக்கிறது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீசி, ஷெல்லுக்கு ஒளிகிற பங்கர் குழிக்கு மேலே ஏற்றுகிறதுக்கு. முள்ளிவாய்க்காலில் சாக்கு ஏது, சேலைதான், ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேலையைத்தான் தைத்தார்கள், நான் என் கூறைச் சேலையையும் தைத்தேன், சரிகைப் பக்கம் ஊசி இறங்காமல் பல்லால் இழுத்தேன். அதே பை. நிறம் மட்டும் வேறு. அதை என் கையாலேயே நிரப்பி, இந்தா பிள்ளை டீச்சரிட்டைக் குடு என்று...

“ஏம்மா சிலோன்காரம்மா, உள்ள என்ன பிரசவமா நடக்குது, இப்படி உலாத்துற?” சின்னப்பாப்பா. என்னோடு உப்பு வாருகிறவள், மரக்காணத்துக்காரி, தூக்குவாளியோடு மரத்தடியில் குந்தியாச்சு. இருக்கேலாமல் கிடக்கு என்றேன். “எம் பொண்ணும்தான் பேசமாட்டா, போனைக் குடுத்துப் பாரு, மூணு மணி நேரம் பேசுவா. உக்காரு, கஞ்சி ஆறுது.” உட்கார்ந்தேன், எழும்பினேன். “பேசிட்டா நல்லதுதானே, நீ ஏன் பயப்படற?” நல்லதுதான். பேசினால் நல்லது. என்ன பேசுவாள் என்றுதானே...

என் மகன் தேவாவுக்கு அப்போது நாலு வயது, இவளுக்கு ஆறு. காயக்காரரை ஏற்றுகிற கப்பல் வந்து போய்க்கொண்டிருந்த நாட்கள். தம்பி எங்கேம்மா என்றாள், கப்பலில ஏத்தி விட்டிட்டன் பிள்ளை, அங்கை பெரிய டொக்டர்மார் இருக்கினம், சுகமாக்கி அனுப்புவினம் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம். பங்கருக்குள் மூலையில் அவனைக் கிடத்தி, நாய் கிளறாமல் இரண்டு பை மணல் புதிதாக நிரப்பி மேலே வைத்துவிட்டு வந்தேன், அழக்கூட நேரமில்லை, சனம் ஓடத் தொடங்கிவிட்டது, இவளைப் பக்கத்துப் பங்கரில் லட்சுமியம்மாளிடம் விட்டிருந்தேன், இவள் ஒன்றும் பார்க்கவில்லை, நான் தனியாகத்தான்... மன்னாரில் வள்ளம் ஏறும்போதும் கேட்டாள், தம்பி இந்தியாவுக்கு வழி கண்டுபிடிப்பானா. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளும் கேட்டாள். பத்து வயதோடு கேட்கிறதை விட்டாள். மறந்துவிட்டாள் என்று சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினேன்.

உள்ளே மணல் கொட்டுகிற சத்தம். சர்ரென்று, பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு குரல், டீச்சரின் குரல் இல்லை, என் பிள்ளையுடையது, தாழ்ந்து, நிற்காமல் போகிறது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று கிழமையாக இந்தக் குரலுக்குத்தானே நேர்ந்துகொண்டேன், இப்போது நிற்கட்டும், நிற்கட்டும் என்கிறது மனசு, என்ன தாய் நான். “பேசுதும்மா, உம் பொண்ணு பேசுது” என்கிறாள் சின்னப்பாப்பா, கஞ்சியை வைத்துவிட்டு. “முகம் ஏன் இப்படிப் போச்சு? காலைல மூட்டை பிடிக்கச்சொல்லவும் இப்படித்தான் பராக்குப் பார்த்தே, பாதி உப்பு எங் கால்ல.” சின்னப்பாப்பா மூட்டை பிடிக்கிற விதமே வேறு, இரண்டு மூலையைப் பிடித்து இழுப்பாள், சாக்கு விறைப்பு, அப்படிப் பிடித்தால் போதும். சேலை அப்படி நிற்காது. துவண்டு விழும். வாயை வெளிப்பக்கம் மடித்து, இரண்டு பெருவிரலையும் உள்ளே விட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றி ஒருவர் பிடித்தால்தான் மற்றவர் அள்ளிப் போடலாம்...

நேற்றுப் பின்னேரம் கடற்கரையில் செந்தமிழ் அப்படித்தானே பிடித்தாள். நான் கூப்பிடவில்லை, பின்னால் வந்து குந்தினாள், மடித்தாள், விரலை உள்ளே விட்டாள், நான் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிப் போட்டபடி இரவைக்குப் புட்டா இடியப்பமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர் காட்டிக் கொடுத்தது அவளுக்கு? உப்பளத்துப் பக்கம் வராத பிள்ளை. சேலைப் பையைத் தனியாக ஒருத்தி நிரப்ப ஏலாது, எனக்குத் தெரியாதா, அங்கே ஒருத்தியும் தனியாக நிரப்பியதில்லை... அப்ப அந்த இரண்டு பைக்கும்? தனியாகத்தான் நின்றேன் என்று பதினாறு வருசமாக நினைக்கிறேனே. லட்சுமியம்மாள் அதுக்கு முதல் நாளே குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டாளா, போய்விட்டாளோ... அந்த இரண்டு பைக்கும் வாயைப் பிடித்தது ஆர்?

கதவு திறந்தது. கண் வீங்கியிருக்கிறது, முகம் நித்திரையால் எழும்பின முகம் போல. “அம்மா, டீச்சர் உங்களையும் உள்ளை வரட்டாம்.”

“என்னத்துக்குப் பிள்ளை?”

“மணலைத் திரும்பப் பையில போடோணும்” என்றாள். “தனியப் போடேலாது. உங்களுக்குத் தெரியும்தானே.”

வெறும் பையை மடித்துப் பிடித்தபடி நிற்கிறாள், பெருவிரல் இரண்டும் உள்ளே.