ஓடும்போது ஒரு மணி

நாற்பத்தைந்து வயதில் ரிட்டையர் ஆனவனைப் பார்த்தால் கெலமங்கலத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "என்னா டிரைவரே, இன்னும் லீவு முடியலியா?" டீக்கடையில் கேட்டார்கள், கோயில் வாசலில் கேட்டார்கள், சவரம் பண்ணும்போதுகூடக் கேட்டார்கள். 1968ஆம் வருஷம் பிறந்ததிலிருந்து இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோலார் பக்கம் தங்கச் சுரங்கத்தில் எங்கள் குழியை மூடிவிட்டார்கள், போதும் போ என்று அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல வாய் வருமா? இளித்துவிட்டு நகர்வேன்.

இருபத்திரண்டு வருஷம் நான் அங்கே வைண்டிங் என்ஜின் டிரைவர். ஆட்களைக் கூண்டில் வைத்துப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற வேலை. கூண்டு என் கண்ணுக்குத் தெரியாது. கீழேயிருந்து மணி அடிப்பார்கள். ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். என்ஜின் அறையில் 'டிரைவரிடம் பேசாதே' என்று பலகையே தொங்கும். கூண்டுக் கயிற்று உருளை சுற்ற ஆரம்பித்துவிட்டால் மேனேஜரே பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் வாங்கக் கூடாது.

அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஏதாவது ஒன்றில் கை வைத்துவிட்டால், என் மனைவி கிருபாராணி நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். "இதுக்குச் செவுத்துகிட்டப் பேசலாம்," என்பாள்.

கை வைக்கத்தான் என்ன இருந்தது? நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றி மாட்டினேன். அதற்குப் பிறகு அது ஓடவில்லை. ஓசூருக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். கடைசியில் சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கி உயரவாரியாக அடுக்கினேன். அன்று அவள் அழுதேவிட்டாள்.

"எங்கனாச்சும் போயி எதையாச்சும் செய்ங்க. ஆண்டவர் பேரால கேக்கறன்."

அந்த வாரம்தான் கோவிந்தப்பன் தன் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த, ஆயில் என்ஜினில் ஓடும், கல் தூக்கும் வின்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்ட ஆள் இல்லை. நான் ஓடாத குறையாகப் போய் நின்றேன். கீழே பாறை உடைக்கிறவர்களுக்கு முனிவேல் தலைவர். அவருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ்.

"ஒரு மணி கட்டணும். ஒண்ணு அடிச்சா நிறுத்திடுவேன்," என்றேன்.

கோவிந்தப்பன் சிரித்தார். "அறுபதடி கெணத்துக்கு மணியா? நான் மேல நின்னு சொல்றன், போதும் போ."

நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் துண்டை ஆட்டினால் ஏற்றுவேன். கம்பிக் கயிற்றில் நான் போட்டிருந்த சுண்ணாம்புக் குறி உருளைக்கு வந்ததும் நிறுத்துவேன். கல் ஏற்றிய இரும்புத் தொட்டி கிணற்று வாயில் அலுங்காமல் வந்து நிற்கும். மூன்று நாள் பசித்துச் சாப்பிட்டேன். கிருபாராணி டப்பாக்களைப் பழையபடி மாற்றிக்கொண்டாள்.

நாலாம் நாள் முனிவேல் தொட்டி விளிம்பில் நின்றபடி மேலே வந்தார். பாதி வழியில் அவர் கால் பாறைக்கும் தொட்டிக்கும் நடுவில் மாட்டியது.

"நிறுத்து!" என்று கோவிந்தப்பன் கத்தினார். "ஆபு! ஆபு!" என்று கீழேயிருந்து முனிவேல் தெலுங்கில் அலறினார். எனக்கு இரண்டும் கேட்டன. கண் உருளையில் இருந்தது. கை நிற்கவில்லை. சுண்ணாம்புக் குறி வந்த பிறகுதான் நின்றது.

அதற்குள் முனிவேல் காலை உருவிக்கொண்டு பாறை இடுக்கில் தொற்றியிருந்தார். தாம்புக் கயிறு விட்டுத் தூக்கினார்கள். குதிகால் சதை பிய்ந்து தொங்கியது.

"செவுடாய்யா நீ?" என்றார் கோவிந்தப்பன்.

"கேட்டது," என்றேன்.

செவிடு என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. கிணற்று வேலை நின்றது. நான் வீட்டுக்குள் போனவன் பத்து நாள் தெருவில் தலைகாட்டவில்லை. ஒருத்தனைக் கொல்லப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் கற்றது வெளியே ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை, ஆபத்து வேறு. என் கையைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பதினோராம் நாள் காலை, கொல்லைக் கிணற்றில் கிருபாராணிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் முனிவேல் கம்பு ஊன்றி வந்து நின்றிருக்கிறார். இரண்டு தடவை கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லை.

டங்கென்று ஒரு மணி அடித்தது.

என் கை நின்றது. குடம் பாதிக் கிணற்றில் தொங்கியது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் மாட்டுக் கழுத்து மணி ஒன்று. காலில் கட்டு. சிரிக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"ஒண்ணு அடிச்சா நிக்கும்னு அன்னிக்கே சொன்ன. நாங்கதான் கேக்கல," என்றார். "நாளைக்கு வந்துடுண்ணா. நானே கீழ எறங்கறன்."

கயிற்றை விடாமல் நின்றேன்.

"குடத்த ஏத்துங்க," என்றாள் கிருபாராணி.