தொங்கும் பொருளின் நிறை

சிலுவைமுத்துவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியும் அவன் மனைவி ரோசி ஒரு வேளைகூட வயிறாரச் சாப்பிடவில்லை. துறைமுகத்தில், கிரேனில் தொங்கிய இயந்திரப் பெட்டி ஊசலாடி வந்து அவனைச் சுவரோடு நசுக்கியிருந்தது. அன்று காலை இருவருக்கும் சண்டை. “எங்கியாவது ஒழிஞ்சு போ” என்று ரோசி சொல்ல, கஞ்சியைத் தொடாமலே அவன் வேலைக்குப் போயிருந்தான்.

ராயபுரத்துக் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் அந்தச் சாவைத்தான் பேசினாள்.

“டன்னு கணக்குல தொங்கற பொட்டிய ஒத்தை வெரலால நவுத்தறவன்டி. அது வரச்சொல்லோ ரெண்டு கையும் விரிச்சிகினு நின்னானாம். இன்னா அர்த்தம்? சாவணும்னே நின்னுகீறான்.”

ரோசி அதை நம்பினாள். ஒன்பதாம் வகுப்பில் படித்த மகள் அடைக்கலமேரியால் அதை நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

பள்ளியில் பிலோமினா டீச்சர் நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை நடத்தினார். முந்தைய ஆண்டுதான் மனிதர் நிலவில் இறங்கியிருந்தனர்.

“நிலவில் உங்கள் எடை ஆறில் ஒரு பங்காகும். நிறை மாறாது.”

“அப்போ மலர்க்கொடி அங்க போனா ஒல்லியாயிடுவாளா டீச்சர்?” என்றாள் பின்வரிசை மாணவி ஒருத்தி.

“எடைதான் குறையும், இடுப்பு குறையாது. உட்கார்.”

சிரிப்பு ஓய்ந்ததும் மேரி எழுந்தாள். “டீச்சர், கிரேன்ல தொங்கற பொட்டிக்கு எடை இல்லையா? வெரலால தள்ளினா போவுதே.”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் அவள் தந்தையின் சாவு தெரியும்.

“எடை உண்டு, அதைக் கயிறு தாங்குகிறது. அதனால்தான் மெல்லத் தள்ளினால் நகர்கிறது. ஆனால், நிறையைக் கயிறு குறைப்பதில்லை. ஓடி வருவதைச் சட்டென்று நிறுத்தப் போகிறவர் அந்த நிறை முழுவதையும் எதிர்க்க வேண்டும்.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “அது எந்தப் பலசாலிக்கும் முடியாது, மேரி.”

மாலையில் மேரி ஆட்டுக்கல் குழவியைக் கயிற்றில் கட்டி உத்திரத்திலிருந்து தொங்கவிட்டாள்.

“இன்னாடி கூத்து இது?” என்றாள் ரோசி.

“ஒத்தை வெரலால தள்ளும்மா.”

தள்ளினாள். குழவி அசைந்தது. திரும்பிவரும்போதெல்லாம் மேரியும் தள்ள, வீச்சு பெரிதாயிற்று.

“இப்போ நிறுத்து.”

குழவி ரோசியை நோக்கி வந்தது. யோசிக்க நேரமில்லை, அவள் இரு கைகளும் தாமாகவே விரிந்து முன்னே நீண்டன. கல் உள்ளங்கைகளில் மோதி அவளைச் சுவர்வரை தள்ளியது.

“நைனாவும் நிறுத்தத்தாம்மா பார்த்தாரு. சாவறதுக்கு நிக்கல.”

ரோசி சிவந்த கைகளைப் பார்த்தபடி தரையில் அமர்ந்தாள். அடக்கத்தன்றும் அழாதவள் இப்போது அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்போ, அது கிட்ட வரச்சொல்லோ, ஒங்க நைனா ரொம்ப பயந்திருப்பாரு இல்ல?”

மேரி கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.