மூன்றாம் நாள் ஓதம்

பரணிதரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறவர். கரும்பலகையில் பூமியையும் நிலாவையும் வட்டம் போட்டு அவர் சுற்றிக் காட்டினால் கடைசி பெஞ்சு கூடக் கொட்டாவி விடாது. அந்தப் பெருமையை வகுப்பறையோடு விட்டிருந்தால் தேவலை, ஊர்க்கூட்டத்துக்கும் கொண்டுவந்தார்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கடைமடை ஊர் அது. வயல் தண்ணீரெல்லாம் ஒரே வடிகாலில் இறங்கி ஆற்றுக்குப் போகும். வடிகால் முடிகிற இடத்தில் ஓர் இரும்பு ஷட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கி, ஆற்றில் உப்புத் தண்ணீர் எதிர்த்து ஏறும். அதை ஓதம் என்பார்கள். மாலையில் ஷட்டரை இறக்கி இரவெல்லாம் மூடி வைத்து, காலை ஓதம் வடிந்தபின் தூக்குவார்கள். முன்னதாகத் தூக்கினால் உப்பு உள்ளே வரும், தூக்காமலே விட்டால் மழைத் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். நிலம் வைத்திருந்தவர்கள் முறை போட்டு இதைச் செய்துவந்தார்கள்.

கார்த்திகை அமாவாசை பரணிதரன் முறை. ஷட்டரை ஒட்டி வீடு இருக்கும் அப்துல் அஜீஸ் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: “நாளுக்கு ரெண்டு நாழிகை தள்ளித் தள்ளித் தூக்குங்க சார். அமாவாசை போயிடுச்சேன்னு அசந்துடாதீங்க. மூணாம் நாள் ஓதம்தான் முரடு.”

“நாழிகையா? உலகம் எங்கியோ போயிடுச்சு பாய். நீங்க பிறையப் பாத்து நோன்பு வைங்க, கடல எங்கிட்ட விடுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அஜீஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பரணிதரன் ஓத நேர அட்டவணையை இணையத்தில் எடுத்து அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஷட்டர் தூணில் ஒட்டினார். புதன்கிழமை அமாவாசை. அன்று காலை ஓதம் உச்சத்துக்கு வருவது எட்டரைக்கு. பத்து மணிக்குத் தூக்கலாம் என்று செல்போனில் அலாரம் வைத்தார். அங்கேதான் சனியன் பிடித்தது. மூன்று நாள்தானே என்று, தினமும் அதே நேரத்துக்கு அடிக்கும்படி வைத்துவிட்டார். நிலா நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வரும், ஓதமும் அதன் பின்னாலேயே பிந்தும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிற மனுஷன்! அஜீஸ் சொன்ன இரண்டு நாழிகையும் அந்த ஐம்பது நிமிடம்தான்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. வியாழக்கிழமை எப்படியோ தப்பித்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அலாரம் அடித்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனார். குனிந்த தலை நிமிராமல் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரைத் தூக்கினார். ஆற்றை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சுடச்சுட வெங்காய பஜ்ஜி தின்றார்.

ஷட்டரை அடுத்த முதல் வயல் அம்சத்தின் குத்தகை வயல். ஐப்பசி மழையில் முதல் நடவு அழுகிப்போக, நாலு ஊரில் கெஞ்சி நாற்று வாங்கி இரண்டாம் முறை நட்டிருந்தாள். சனிக்கிழமை காலை வயல் தண்ணீரை வாயில் வைத்தவள் துப்பினாள். கரித்தது. நாற்றின் நுனியெல்லாம் கருகத் தொடங்கியிருந்தது. மூன்றாம் நடவுக்கு நாற்றும் இல்லை, பருவமும் இல்லை.

ஒன்பதரைக்கு ஊர் ஷட்டரடியில் கூடியது. பரணிதரன் தூணில் தான் ஒட்டிய தாளைப் பார்த்தார். வெள்ளி, உச்சம் 10.10. அவர் தூக்கியதோ பத்துக்கு. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். “நான் டயத்துக்குத்தான் தூக்கினேன்” என்று வந்தது.

“சார் மேல தப்பு இருக்காதுங்க,” என்றாள் அம்சம். “எம் பொண்ணு சார் கிளாஸ்தான். நிலா எப்ப வரும், ஓதம் எப்ப ஏறும்னு நிமிஷக் கணக்கா நோட்டுல எழுதி வச்சிருக்கா.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“அப்ப யாரு தூக்குனது?” பெரிய நிலக்காரரான வைரக்கண்ணு, அஜீஸ் பக்கம் திரும்பினார். “பாய் இங்கதான வல கட்டுறாரு? எறா உள்ள வரட்டும்னு முன்னாடியே தூக்கியிருப்பாரு.”

அஜீஸ் பரணிதரனை ஒரு தரம் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பரணிதரன் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. பேசவில்லை. தன்னை இவ்வளவு கேவலமாக அவர் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

சட்டைப்பையில் அலாரம் அடித்தது. பத்து மணி. அவர் கண் தானாக ஆற்றுக்குப் போனது. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. செல்போன் திரையில் ‘ஷட்டர் தூக்கு, தினமும்’ என்று மின்னியது. ஒரு விரலால் அமுக்கினால் போதும், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவர் அதை அடிக்கவிட்டு அப்படியே அம்சத்திடம் நீட்டினார்.

“நேத்தும் இதான் அடிச்சுது. ஓதம் வடிஞ்சுதான்னு பாக்காம தூக்கிட்டேன். உங்க பயிர நான்தாம்மா அழிச்சேன். பாய் மேல ஒண்ணுமில்ல.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்சம் போனை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், வயலில் இறங்கிப் போனாள். ஒருவர் பின் ஒருவராகக் கூட்டம் கலைந்தது. வைரக்கண்ணுவும் யார் முகத்தையும் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

மிஞ்சியது அஜீஸ் மட்டும்தான்.

“மன்னிச்சிடுங்க பாய்,” என்றார் பரணிதரன்.

“அம்சத்துக்கிட்ட கேளுங்க சார். நானும்தான் கேக்கணும்.” அஜீஸ் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நேத்து நீங்க சக்கரம் சுத்தறப்ப நான் வாசல்லதான் நின்னேன். ஆறு நெறஞ்சு நின்னுச்சு. கூப்பிட வாயெடுத்தேன். கடல எங்கிட்ட விடுங்கன்னு சொன்னீங்களே, விட்டுட்டேன்.”