நீலப் பேனாக் கோடு

திராட்சைச் சாற்றின் நிறமிகளைத் தாளில் ஏறவிட்டுப் பிரித்து அளப்பவள் அவள். அதைத் தன் கண்டுபிடிப்பு என்று மேடையேறிப் பேர் வாங்குபவர் துறைத்தலைவர். மூன்று முறை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

சாற்றுப் பொட்டு வைக்கும் கோட்டைப் பென்சிலால்தான் போட வேண்டும். பேனா மையென்றால், நிறமிகளைத் தாளில் ஏற்றும் கரைப்பான் திரவத்தோடு சேர்ந்து அதுவும் மேலேறித் தொலைக்கும். நான்காம் முறை அவள் நீலப் பேனாவால் போட்டு, தாளை அவர் கண்ணில் படும்படி வைத்தாள். கொத்திக்கொண்டு போனார்.

"திராட்சையில இதுவரைக்கும் யாரும் பார்க்காத நீல நிறமி!" என்று அரங்கில் மார்தட்டினார்.

அவள் எழுந்தாள். "அது பேனா மை சார். அந்தக் கோட்டை நீங்க போட்டீங்கன்னா, உங்களுக்கு வேலை தெரியல. நான் போட்டேன்னா, என் தாள் உங்க கையில எப்படி?"