நாலு பெட்டியும் ஒரு குமிழும்

என் சகலை வாங்கிய ஆம்ப்ளிஃபையர் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி தானே எழுந்து போய் அதன் குமிழைத் திருப்பிவிட்டு, அவன் வீட்டு சோபாவில் கண்ணை மூடி ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டாள் பாருங்கள், அப்போதுதான் வயிறு எரிந்தது. என் வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

இத்தனைக்கும் என் வீட்டில் இருப்பது லேசுப்பட்ட சாமான் இல்லை. ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப், ஈக்வலைசர், சிடி பிளேயர் என்று நாலு பெட்டிகள் அலமாரியில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். பவர் ஆம்பைக் கடைசியாகத்தான் போட வேண்டும். வரிசை மாறினால் ஸ்பீக்கர் டொம்மென்று அதிரும். அதற்காகவே ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான், இம்மி பிசகினாலும் பொறுக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அது ரொம்ப சுலபமா இருக்குங்க" என்றாள்.

"அந்த டப்பாவுல என்ன பெரிய சத்தம் வந்துடப் போகுது?"

"எனக்கு அது போதும்."

அந்தப் 'போதும்' மூன்று நாள் என் காதைக் குடைந்தது. நாலாம் நாள் கடையில் போய் நின்றேன்.

"என் சகலை நாப்பது வாட் வச்சிருக்கான். எனக்கு நூறு வேணும்."

"ரூம் எவ்வளவு பெருசு?" என்றார் கடைக்காரர்.

"பன்னெண்டுக்குப் பத்து."

"அப்ப நூறை எங்க வச்சுக் கேப்பீங்க, தெருவுலயா?"

முப்பது வாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். ஒரே குமிழ். திருப்பினால் உயிர் வரும், இன்னும் திருப்பினால் சத்தம் கூடும். என்னிடம் இருப்பது போன்ற ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டினார். பாடுகிறவர் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. விலையோ சகலையுடையதில் பாதி. அவன் காசைக் கொட்டிய இடத்தில் நான் மூளையால் ஜெயித்துவிட்டேன் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மூன்று பெட்டிகள் பரணுக்குப் போயின. சிடி பிளேயரும் புதுசும் மட்டும் அலமாரியில். ஒரு வாரம் ஆயிற்று. அவள் தினமும் அதைச் சுற்றித் தூசி துடைத்தாள், தொடவில்லை. சகலை வீட்டுக் குமிழ் மட்டும் இனிக்குதாக்கும் என்று எனக்குள் பொருமினேன்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான், கொழுந்தியாளோடு. பெட்டியைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் வாங்கியிருக்கீங்க சகலை" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"அண்ணி, நீங்க போடுங்க, கேப்போம்."

அவள் கையை நீட்டினாள். குமிழுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"திட்ட மாட்டீங்கல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். சகலை தலையைக் குனிந்துகொண்டான். கொழுந்தியாள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் அவள் இரண்டையும் நாலையும் மாற்றிப் போட்டாள். ஸ்பீக்கர் அதிர்ந்தது. நான் போட்ட சத்தம் அதைவிடப் பெரியது.

"போடு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பாட்டு வந்தது. சகலை வீட்டில் கண்ணை மூடிக் கேட்டவள், இங்கே என் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே கேட்டாள்.